கண்ணாடியைத் தூக்குவது ரப்பர் கப் இல்லை, காற்று! யார் இந்த ஓட்டோ ஃபோன் கேரிக்கே?

நெல்லித்தோப்பில் ஒரு புதுக் கடைக்குக் கண்ணாடி முகப்பு பொருத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆள் உயரக் கண்ணாடியின் விளிம்பைக்கூடப் பிடிக்காமல் தூக்கிவிடுவார்கள். கையில் இருப்பது ரப்பர் சக்‌ஷன் கப் மட்டும்தான். தொழிற்சாலைகளில் இரும்புத் தகட்டையும் அட்டைப்பெட்டியையும் தூக்கும் வேக்குவம் மெஷின்களுக்கும் இதே கணக்குதான். இதை ஊரைக் கூட்டிச் செய்து காட்டியவர், ஒரு மேயர்.

எரிந்த ஊரின் மேயர்

கேரிக்கே 1602-ல் ஜெர்மனியின் மாக்டபர்க்கில் பிறந்தார். சட்டம் படித்தவர், பொறியியலும் கற்றார். 1631-ல் போரில் ஊரே எரிந்தது. சுமார் 20,000 பேர் இறந்தார்கள். சொத்தெல்லாம் போய், சிறைப்பட்டு, பணம் கட்டி மீண்டார். திரும்பி வந்து ஊரைக் கட்டியெழுப்பப் பாடுபட்டார். 1646-ல் மேயரானார்.

லீக் ஆன பீப்பாய்

வெற்றிடம் என்று ஒன்று இருக்கவே முடியாது என்று பலர் நம்பிய காலம் அது. கேரிக்கே ஒரு மரப் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, அதை பம்ப் வைத்து வெளியே இழுத்தார். மரத்தின் வழியே காற்று உள்ளே புகுந்துவிட்டது. அடுத்து செம்புக் கோளம், அது நசுங்கிப்போனது. இன்னும் கச்சிதமான உருண்டையாகச் செய்த பிறகுதான் தாங்கியது.

1654-ல் ரேகன்ஸ்பர்க்கில் பேரரசர் மூன்றாம் ஃபெர்டினாண்ட் முன்னிலையில் பம்பை இயக்கிக் காட்டினார். 1657-ல் மாக்டபர்க்கில், காற்று நீக்கி ஒட்டவைத்த இரண்டு அரைக்கோளங்களை 16 குதிரைகள் இழுத்தன. வால்வைத் திறந்து காற்றை விட்டதும் அவை சாதாரணமாகப் பிரிந்தன.

நம் விஷயத்துக்கு நெருக்கமானது இன்னொரு சோதனை. உருளைக்குள் ஒரு பிஸ்டன். அதில் கட்டிய கயிறு கப்பி வழியாகப் பலர் கையில். அடியில் காற்றை நீக்கியதும் பிஸ்டன் கீழே இறங்க, அத்தனை பேரையும் கயிறு இழுத்துவிட்டது. வெற்றிடம் எதையும் உறிஞ்சவில்லை, வெளிக்காற்று அழுத்தியது.

இன்றைய கணக்கு

ஒரு சதுர சென்டிமீட்டரில் காற்று சுமார் 1 கிலோ எடைக்குச் சமமாக அழுத்துகிறது. 15 செ.மீ. விட்டமுள்ள கப்பில் 60% வெற்றிடம் இருந்தால், கணக்குப்படி சுமார் 100 கிலோ தாங்கும். ஆனால் டிசைன் செய்பவர்கள் அதில் பாதிக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். தூசி, கீறல், கரன்ட் கட் என எது வந்தாலும் காற்று உள்ளே புகும். தலைக்கு மேலே இருக்கும் பாரம் விழும். அதனால்தான் ரிசர்வ் டேங்க், ஒருவழி வால்வு, அலாரம் எல்லாம்.

1686-ல் ஹாம்பர்க்கில் கேரிக்கே இறந்தார். அவரைப் படுத்திய அந்த லீக், இன்றைக்கும் இந்தத் தொழிலின் முதல் எதிரி.