மைக்கேல் குஸாக் என்னும் காரியதரிசி

1884-ம் வருஷம் நவம்பர் மாதம் 1-ந் தேதி ஐர்லாந்தில் திப்பரேரிப் பிரதேசத்தைச் சேர்ந்த தர்லஸ் என்னும் சிற்றூரில், ஹேய்ஸ் என்பவரின் ஹோட்டல் அறையொன்றில் சிலர் கூடினர். வந்திருந்தவர்களுள் பெயர் ஐயமின்றித் தெரிந்தவர் எழுவரே. கூட்டத்தைக் கூட்டியவர் டப்ளின் நகரத்து உபாத்தியாயர் மைக்கேல் குஸாக். அன்று தோன்றிய கேலிக் விளையாட்டுச் சங்கத்துக்கு இன்று 2,000-க்கு மேற்பட்ட கழகங்கள் உள்ளன. அச்சங்கமே அவரை இருபது மாதங்களில் காரியதரிசி ஸ்தானத்தினின்றும் விலக்கிற்று. பொதுக் காரியங்களில் இறங்கியுள்ள நம் நேயர்கள் அறிய வேண்டிய சரித்திரம் இது.

குஸாக் பிறந்தது 1847 செப்டம்பரில், கிளேர் பிரதேசத்தில் பாறை நிறைந்த பர்ரன் மேட்டு நிலத்தின் ஓரத்திலுள்ள காரன் கிராமத்தில். அது பெரும் பஞ்சத்தின் கொடிய வருஷம். 1841-ல் 80 லக்ஷத்துக்கு மேலிருந்த ஜனத்தொகை, பசியாலும் நோயாலும் கப்பலேறிப் போனதாலும், 1851-ல் சுமார் 65 லக்ஷமாகக் குறைந்தது. அவர் வீட்டு மொழி ஐரிஷ். கற்றுத் தேறியது ஆங்கிலம். கிராமப் பள்ளி உபாத்தியாயராகத் தொடங்கி, பிளாக்ராக், கிளாங்கோஸ் முதலிய கலாசாலைகளில் ஆசிரியராயிருந்து, 1877-ல் டப்ளினில் சொந்தமாகவே ஒரு வித்தியாசாலை ஏற்படுத்தினார். அது எதற்காக ஏற்பட்டதென்று கேட்டால் நேயர்கள் நகைப்பார்கள்: பிரிட்டிஷ் ஸர்க்கார் உத்தியோகப் பரீக்ஷைகளுக்கு வாலிபரைத் தயார் செய்வதற்கு! பள்ளி நன்றாகவே நடந்தது. மாணாக்கரை அவர் ரக்பியும் ஆடச் செய்தார். தாமும் ஆடினார், கிரிக்கெட்டிலும் அவருக்குப் பிரியம் உண்டு. இரும்புக் குண்டு எறிவதில் பெயர் பெற்ற தேகபலம் வாய்ந்தவர்.

அந்நிய விளையாட்டில் இவ்வளவு ஈடுபட்டிருந்தவர் ஏன் திரும்பினார்? அவரது கோபம் முதலில் பந்தின்மேல் எழவில்லை, சட்டத்தின்மேல் எழுந்தது. அக்காலத்தில் பந்தயங்களை நடத்தியவர் கனவான்கள். கூலிக்காரனும் கைத்தொழிலாளியும் கூலி வாங்கி உழைப்பவராதலின் விளையாட்டிலும் கூலியாட்களே என்று கொண்டு, பந்தயங்களில் சேர்ப்பதில்லை. இதற்கு 'அமெச்சூர்' விதி என்று பெயர். பின்னர் இத்தடை தளர்ந்தபோது வேறொரு தளை வந்தது. எல்லாப் பந்தயங்களும் இங்கிலாந்துச் சங்கத்தின் விதிகளின்படியே நடைபெற வேண்டும். அவ்விதிகளுக்குப் புறம்பான பந்தயத்தில் ஓடியவன் வேறெங்கும் ஓடலாகாது. பந்தயங்கள் பெரும்பாலும் சனிக்கிழமைகளில் நடந்தன. உழைப்பாளிக்கு ஓய்வோ ஞாயிறு ஒன்றே. இவ்வாறு தன் ஊர் மைதானத்திலேயே ஐரிஷ்காரன் வேடிக்கை பார்ப்பவனாக நின்றான். சட்டம் பயின்ற நமக்கு இந்த வித்தை புதிதன்று. விலக்க வேண்டியவரின் பெயரைச் சொல்லாமலே விலக்கும் விதியை எழுதுவது எளிது.

1883-ல் குஸாக் டப்ளின் பீனிக்ஸ் தோட்டத்தில் சில இளைஞரைச் சேர்த்து, அருகிவந்த ஹர்லிங் ஆட்டத்தைப் பழக்கினார். நுனி அகன்று வளைந்த மரமட்டையால் சிறு தோல்பந்தை வானில் பறக்க அடிக்கும் பழமையான ஆட்டம் அது. ஊருக்கு ஊர் ஒரு விதியாயிருந்தபடியால் வெளியூராருடன் ஆடப் போனால் சச்சரவே மிச்சம். 1884 அக்டோபர் 11-ந் தேதி இரண்டு பத்திரிகைகளில் அவரது கட்டுரை கையெழுத்தின்றி வெளியாயிற்று. ஐரிஷ்காரர் தம் விளையாட்டைத் தாமே ஆள வேண்டுமென்பது அதன் சாரம். ஒரு வாரத்தில் புகழ்பெற்ற பந்தய வீரர் மாரிஸ் டேவின் ஆதரித்து எழுதினார். அடுத்து நிகழ்ந்ததே தர்லஸ் கூட்டம். டேவின் அக்கிராசனரானார், குஸாக்கும் வேறிருவரும் காரியதரிசிகள். ஆர்ச்பிஷப் குரோக், பார்னல், டேவிட் மூவரும் போஷகர்களாயினர். கூட்டத்துக்கு வந்தவர்களுள் ஒருவர் போலீஸ் இன்ஸ்பெக்டர். குஸாக்கின் பள்ளியிலே பரீக்ஷைக்குப் படித்தவர். பின்னர் போலீஸார் சேரலாகாதென்று சங்கம் விதி செய்ததும், அவ்விதி 2001-ல்தான் நீங்கியதும் விசித்திரமே.

காட்டுத் தீயைப் போலச் சங்கம் பரவிற்று. கிறிஸ்தவக் கோயிலைச் சுற்றிய ஊர்ப்பகுதி ஒவ்வொன்றுக்கும் ஒரு கழகம், ஞாயிறுதோறும் ஆட்டம், உழவன், கொல்லன், கடைச் சிப்பந்தி யாரும் ஆடலாம். ஆடுவதற்குச் சம்பளம் மட்டும் கிடையாது. கனவானுக்கு மதிலாயிருந்த சொல் இங்கே ஏழைக்கு வாயிலாயிற்று.

இத்தனையும் செய்த மனிதருக்கு மேஜையில் உட்கார்ந்து செய்யும் வேலை வரவில்லை. கழகங்கள் எழுதிய கடிதங்கள் பதிலின்றிக் கிடந்தன. வரவு செலவு கேட்டவர்க்குக் கணக்குக் கிடைக்கவில்லை. நாவும் பேனாவும் கூர்மை. பத்திரிகாசிரியர்களையும் போஷகராகிய ஆர்ச்பிஷப்பையுமே பகைத்துக்கொண்டார். 1886 ஜூலையில் அதே தர்லஸில் கூடிய சபை அவரை விலக்கியது. நன்றியற்ற செயல் என்று கூறுவோர் உண்டு. நாம் அப்படிக் கருதவில்லை. ஐந்து மைல் நடந்து ஆட வந்த வாலிபனுக்கு, ஆட்டம் இன்ன நாள் என்று தெரிவியாத காரியதரிசியினால் பயனென்ன? ஆயினும் அவர் இல்லாவிடில் விலக்குவதற்குச் சபையே இருந்திராது என்பதும் மெய். 1887-ல் 'கெல்டிக் டைம்ஸ்' என்று சொந்த வாரப் பத்திரிகை தொடங்கினார். அது ஓராண்டளவில் நின்றது. பத்திரிகை நடத்துவோர் இதன் காரணத்தை ஊகித்துக்கொள்வார்கள்.

1890-ல் மனைவி காலமானார். பள்ளி தேய்ந்தது. 1906 நவம்பரில் டப்ளினில் இறந்து கிளாஸ்நெவின் மயானத்தில் அடக்கமானார். 1922-ல் வெளிவந்த ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிஸஸ்' நவீனத்தில் மதுக்கடையில் அமர்ந்து கர்ஜிக்கும் குறுகிய தேசாபிமானி ஒருவன் வருகிறான். குஸாக்கின் சாயலில் அமைந்த பாத்திரமென்பர். நிழல் அவருடையதாயிருக்கலாம், பீனிக்ஸ் தோட்டத்தில் மட்டை பிடிக்கக் கற்பித்த உபாத்தியாயர் அதில் இல்லை.

அவரால் செய்ய முடியாத வேலையை இன்று ஒவ்வோர் ஊரிலும் யாரோ செய்கிறார்கள். மாலையில் தொழில் முடிந்து வந்து சிறுவருக்குப் பயிற்சி தருபவர், மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு இடுபவர், சந்தா வசூலிப்பவர், வருஷக் கூட்டத்தில் கணக்கு வாசிப்பவர், எவருக்கும் ஊதியமில்லை. டப்ளின் குரோக் பார்க்கில் 82,000 பேர் முன்னிலையில் இறுதி ஆட்டம் ஆடியவரும் மறுவாரம் தம் பள்ளிக்கோ வயலுக்கோ திரும்புகிறார். களங்கம் இல்லாமலில்லை: பெரிய அணிகளின் பயிற்சியாளர் சிலருக்கு மறைவாகப் பணம் போகிறதென்ற புகாரைச் சங்கமே 2012-ல் ஆராய வேண்டியதாயிற்று.

அந்த மைதானம் தாங்கி நிற்பது குஸாக் பகைத்துக்கொண்ட ஆர்ச்பிஷப்பின் பெயரை. 1938-ல் அதன் ஒரு பக்கத்தில் எழுந்த பார்வையாளர் மண்டபத்துக்குக் குஸாக்கின் பெயரை இட்டனர். 1990-களில் அதை இடித்துப் புதிதாகக் கட்டியபோதும் அப்பெயரையே வைத்தனர்.