செல்லப்பா கேட்ட நூல்நிலையம்

யாழ்ப்பாணப் பொது நூலகம் என்றதும் நம்மவர் மனத்தில் முதலில் எழுவது 1981ஆம் ஆண்டின் தீயே. அத்தீயின் வெளிச்சத்தில், அந்நூலகத்தைத் தொடக்கிவைத்த க. மு. செல்லப்பாவின் உருவம் மங்கிப்போனது.

செல்லப்பா பெருந்தனவந்தர் அல்லர், நீதிமன்ற உத்தியோகத்தர். தமது நூல்களை வீட்டில் வைத்தே பிறர்க்கு வாசிக்கக் கொடுத்துவந்த அவர், யாழ்ப்பாணத்தில் மத்திய இலவசத் தமிழ் நூல்நிலையம் ஒன்று வேண்டுமென 1933 டிசம்பர் 11ஆம் திகதி பகிரங்க வேண்டுகோள் விடுத்தார். காலம் கவனிக்கத்தக்கது. 1931இல் டொனமூர் அரசியல் திட்டம் ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை வழங்கியிருந்தது. வாலிபர் காங்கிரசின் பகிஷ்கரிப்பினால் வடக்கின் நான்கு ஆசனங்களோ 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. வாக்கைப் பெற்ற ஏழைக்கு ஒரு பத்திரிகை வாங்க வசதியிருக்கவில்லை. கோயில் வாசலும் தேநீர்க் கடையும் சாதியின் பெயரால் பலருக்கு அடைத்திருந்த ஊரில், இலவசம், பொது என்ற சொற்கள் இலேசானவையும் அல்ல.

1934 ஜூன் 9ஆம் திகதி மத்திய கல்லூரியில் கூடிய கூட்டத்தில் நீதிபதி சி. குமாரசுவாமி தலைவராகவும் செல்லப்பா செயலாளராகவும் தெரிவாயினர். சேர்ந்த பணம் 1,184 ரூபா 22 சதம். அந்த 22 சதத்தையும் கணக்கில் விடாத கைகளே நூலகத்தைக் கட்டின. ஆகஸ்ட் 1ஆம் திகதி ஆஸ்பத்திரி வீதியின் சிறிய வாடகை அறையொன்றில் 844 நூல்களோடும் முப்பது வரையான பத்திரிகை, சஞ்சிகைகளோடும் அது திறக்கப்பட்டது.

ஐந்தே மாதங்களில், 1935 ஜனவரி 1ஆம் திகதி, நூலகம் நகரசபையிடம் ஒப்படைக்கப்பட்டது. செல்லப்பாவின் வாழ்வில் மிகப் பெரிய செயல் இதுவென்றே நாம் கருதுகிறோம். தம் பெயரில் ஒரு தர்மஸ்தாபனமாக அவர் அதனை வைத்திருந்திருக்கலாம். தர்மத்தில் குறைகேட்க எவருக்கும் உரிமையில்லை. வரியிறுப்பாளனின் நூலகத்திலோ, ஒரு நூல் ஏன் இல்லை என்று எவரும் கேட்கலாம். இலங்கையில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது 2016இல்தான்.

1954இல் அடிக்கல் நாட்டப்பட்ட புதிய கட்டடம் 1959இல் திறக்கப்பட்டது. அது எழுந்துகொண்டிருந்த 1955இல் மாநகர முதல்வராயிருந்தவர் எம். எம். சுல்தான். அவருடைய சமூகத்தவர் 1990 ஒக்டோபரில் குடாநாட்டிலிருந்து வெளியேற்றப்பட்டபோது, வீடு வாசலோடு தம் ஊரின் வாசிகசாலையையும் இழந்தனர். சுமார் 97,000 நூல்கள் எரிந்ததைப் பேசும் நாம் இந்த இழப்பை அதனோடு சேர்த்துப் பேசியது மிகக் குறைவு. செல்லப்பா கேட்ட நூல்நிலையத்தில் அவர்களுக்கும் நாற்காலி இருந்தது.