துன்பத்தில் துவளாத தமிழ்த் தாத்தா

உலகில் துன்பம் அடையாத உயிர் இல்லை. முன்னர்ச் செய்த வினை பயன் தரும் காலத்தில் அதனைத் தடுத்தல் அரிது என்பதை நம் அறநூல்கள் பலவாறு எடுத்துரைக்கின்றன. ஆயினும், வந்த துன்பத்தைப் பொறுமையுடன் ஏற்று அதனையே உயர்வுக்குப் படியாக்கிக் கொள்வது மனிதர் முயற்சியில் அடங்கியுள்ளது. இவ்வுண்மைக்குச் சான்றாக வாழ்ந்தவர் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள். அவர் சைவ மரபில் வளர்ந்தவர். எனினும் சீவக சிந்தாமணியை உலகம் அறியச் செய்த பெருமையால், தமிழ் ஜைனர் ஒவ்வொருவரும் நன்றியுடன் நினைக்கத்தக்கவர்.

இளமையும் வறுமையும்

கும்பகோணத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சேர்ந்த வேங்கடசுப்பையருக்கு மகனாக 19-2-1855 அன்று இவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் வேங்கடராமன் என்பதாகும். தந்தையார் இசைவல்லவர், இராமாயணக் கதை கூறிக் குடும்பத்தைக் காத்துவந்தார். நிலையான வருவாய் இன்மையால் அரியலூர், குன்னம் என ஊர் ஊராகக் குடிபெயர நேர்ந்தது.

எந்த ஊருக்குச் சென்றாலும் அங்கே தமிழறிந்தவர் எவர் எனத் தேடி அவரிடம் பாடம் கேட்பதே சிறுவரின் வழக்கமாயிற்று. ஆங்கிலமோ வடமொழியோ கற்றால் பிழைக்கலாம், தமிழ் சோறு போடாது என்று உறவினர் பலர் அறிவுரை கூறினர். அவர் உள்ளமோ தமிழையே நாடியது. வறுமையிலும் மகனின் விருப்பத்தைத் தடுக்காத தந்தையாரின் பெருந்தன்மையைப் பெற்றோர் கருத்திற் கொள்ள வேண்டும்.

1871ஆம் ஆண்டில் தந்தையார் மகனை மாயூரத்திற்கு அழைத்துச் சென்று, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் ஒப்படைத்தார். சாமிநாதன் என்னும் பெயரை வழங்கியவர் அவ்வாசிரியரே. பெரும்புலவராகிய அவரும் வறுமையில் வாழ்ந்தவர். எண்ணெய் முழுக்கிற்கு வேண்டிய எண்ணெய் வாங்கவும் கையில் காசில்லாத நாள் அவருக்கு இருந்தது. அந்நிலையிலும் மாணவர்க்குப் பாடம் சொல்வதில் அவர் குறைவு வைத்ததில்லை. செல்வம் வேறு, நிறைவு வேறு என்பதை ஆசிரியரின் வாழ்க்கையிலிருந்தே மாணவர் கற்றுக்கொண்டார்.

இடையில் திருமணக் கடன் குடும்பத்தை வருத்தியது. அதனைத் தீர்க்கும்பொருட்டுக் காரை என்னும் ஊரில் புராணப் பிரசங்கம் செய்து, கிடைத்த பொருளைக் கொண்டு சுமையைக் குறைத்தார். 1-2-1876 அன்று ஆசிரியர் மறைந்தார். தந்தையினும் மேலாக அன்பு காட்டியவரை இழந்த இருபத்தோராம் வயதில், அவருக்கு எதிர்காலம் இருண்டதாகவே தோன்றியது. திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் ஆதரவளித்துத் தாமே பாடமும் சொன்னார். 1880ஆம் ஆண்டு பிப்ரவரியில், தியாகராச செட்டியாரின் பரிந்துரையால் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் பணி கிடைத்தது.

செருக்கை அகற்றிய சந்திப்பு

அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் அவர் வாழ்வில் பெரிய திருப்பம் நிகழ்ந்தது. கும்பகோணத்திற்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன நூல்களைப் பயின்றீர் என்று முதலியார் வினவினார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கலம்பகங்கள், கோவைகள், புராணங்கள் எனத் தாம் கற்றவற்றை ஐயர் அடுக்கிக்கொண்டே போனார். முதலியார் முகத்தில் வியப்பே தோன்றவில்லை. சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைப் படித்ததுண்டா என்று மட்டும் கேட்டார். இல்லை என்று சொல்லவேண்டியதாயிற்று.

கல்லூரி ஆசிரியராக மதிப்புடன் விளங்கிய ஒருவருக்கு இது எளிதான நிலை அன்று. தம் கல்வியைக் குறைத்து மதிப்பிட்டார் எனச் சினந்து அவர் திரும்பியிருக்கலாம். அவரோ தாம் கற்றது சிறிது என்பதை உணர்ந்தார். முதலியார் கொடுத்த சிந்தாமணிப் பிரதியைப் பெற்றுவந்து மாணவரைப் போல் முதலிலிருந்து படிக்கத் தொடங்கினார்.

ஜைனர் இல்லத்தில் மாணவர்

படிக்கத் தொடங்கியதும் புதிய இடர் எழுந்தது. சித்தர் வணக்கமும் அருகர் வணக்கமும் கொண்டு தொடங்கும் திருத்தக்கதேவரின் காப்பியத்தைச் சைவ நூற்பயிற்சி மட்டும் கொண்டு விளங்கிக்கொள்ள முடியவில்லை. நச்சினார்க்கினியர் உரையிலும் நம் சமயக் கருத்துகள் செறிந்திருந்தன. இந்நிலையில் கும்பகோணத்தில் ஜைனர்கள் வாழ்வதை அறிந்து அவர்களை நாடிச் சென்றார். அவர் சென்ற இல்லமொன்றில் அன்று தோரணங்களும் அலங்காரங்களும் விளங்கின. காரணம் கேட்டபொழுது, பல மாதங்களாக நடந்துவந்த சிந்தாமணி வாசிப்பு அன்று நிறைவெய்துவதாகக் கூறினர். புலவருலகம் மறந்திருந்த நூல் ஜைனர் இல்லத்தில் விழாவெடுத்துப் போற்றப்படுவதைக் கண்டு அவர் வியந்தார்.

சந்திரநாத செட்டியார் என்னும் ஜைன அன்பர் அவருடைய ஐயங்களைத் தீர்த்துவைத்தார். கல்லூரியில் பலருக்கு ஆசிரியராக இருந்தவர், மாலை வேளையில் ஜைனர் திண்ணையில் மாணவராக அமர்ந்தார். வேற்றுச் சமயத்தார் என்னும் வேறுபாடு இரு புறத்திலும் மறைந்தது. நம் தத்துவங்களை அவர் ஆர்வத்துடன் கேட்டறிந்த தன்மையைக் கண்டு, அவரைப் பவ்விய ஜீவன் என்றே மதித்துப் பேசினர். முத்தி பெறும் தகுதியுடைய உயிர் என்னும் பொருளுடைய அச்சொல்லின் உயர்வை நம் வாசகர் நன்கறிவர்.

பதிப்பில் நேர்ந்த இடர்கள்

நூலை அச்சிடும் பணி மேலும் கடினமாயிற்று. ஏடு எழுதியோரின் பிழைகளால் ஒரு பிரதியில் உள்ள பாடம் மற்றொன்றில் வேறாக இருந்தது. பாட்டு எது, உரை எது, உரையில் வந்த மேற்கோள் எது எனப் பிரிப்பதே பெரும்பாடு. அதனால் பல இடங்களிலிருந்தும் ஏடுகளைத் திரட்ட வேண்டியிருந்தது. சமய நூலைப் பிறரிடம் கொடுக்கச் சில ஜைன அன்பர்கள் முதலில் தயங்கினர். அத்தயக்கத்திற்காக அவர் வருந்தினாரேயன்றி வெறுக்கவில்லை. பொறுமையுடன் முயன்று ஏடுகளைப் பெற்றார். சைவர் ஒருவர் சமண நூலை அச்சிடுவதா எனத் தம்மவர் சிலர் கூறிய குறையையும் தாங்கிக்கொண்டார்.

அச்சுச் செலவிற்குப் பொருளில்லை. நூல் வெளிவருமுன்பே விலை தர இசைந்தவர்களிடம் கையொப்பம் பெற்று அப்பணியை நடத்தினார். பகலில் கல்லூரிப் பணியும் இரவில் அச்சுத்தாள் திருத்தமுமாக நாட்கள் கழிந்தன. 1887ஆம் ஆண்டில், 3145 செய்யுட்களைக் கொண்ட சீவக சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையுடன் முழுமையாக வெளிவந்தது.

இவ்வெற்றியோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. பத்துப்பாட்டு 1889லும், சிலப்பதிகாரம் 1892லும், புறநானூறு 1894லும், மணிமேகலை 1898லும் வெளிவந்தன. கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையும் 1924இல் அவரால் பதிப்பிக்கப்பெற்றது. ஏடு தேடிச் சென்ற வழியில் ஏமாற்றங்கள் பல. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டனர் எனக் கேட்டு அவர் உள்ளம் துடித்தது. இழந்ததை எண்ணி அழுது அமராமல், எஞ்சியதையேனும் காக்கவேண்டும் என அடுத்த ஊருக்குப் புறப்பட்டார். நம்பிக்கை என்பது இதுவே.

பணிவின் உயர்வு

1906இல் மகாமகோபாத்தியாயர் பட்டமும், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் அவரை அடைந்தன. புகழ் உயர உயரப் பணிவும் வளர்ந்தது. சிந்தாமணியின் மறுபதிப்புகளில், பின்னர்க் கிடைத்த செய்திகளைக் கொண்டு திருத்தமும் விளக்கமும் சேர்த்தார். தமக்கு உதவியோரைப் பெயர் சுட்டி நன்றி கூறினார். சென்னையில் தாம் வாழ்ந்த இல்லத்திற்குத் தமக்கு வேலை வாங்கித் தந்தவர் பெயரால் தியாகராஜ விலாசம் எனப் பெயரிட்டார். தம் ஆசிரியர் வரலாற்றை இரு பாகங்களாக எழுதி முடித்த பின்னரே தம் வரலாற்றை எழுதத் தொடங்கினார்.

முதுமையிலும் துன்பம் அவரை விடவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றம் செல்ல நேர்ந்தது. அங்கே 28-4-1942 அன்று, எண்பத்தேழாம் வயதில் இயற்கை எய்தினார். அவர் எழுதிவந்த வாழ்க்கை வரலாறு நிறைவு பெறாமலே நின்றது.

நாம் செய்யவேண்டுவது

உணவு, மருந்து, அடைக்கலம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களில் சாத்திர தானத்தை நாம் போற்றுகிறோம். சுருத பஞ்சமி நாளில் நூல்களை வழிபடுகிறோம். நம் முன்னோர் சிந்தாமணியை வழிபட்டுக் காத்தனர். ஐயரவர்கள் அதனைப் பதிப்பித்து ஊர் அறியத் தந்தார். காத்தவரும் கொடுத்தவரும் கூடியபொழுதே நூல் பிழைத்தது. பேழையில் பூட்டி வைத்த ஏடு, காப்பவர் கண்ணெதிரிலேயே செல்லரித்துப் போகும். எவர் இல்லத்திலேனும் பழைய ஏடுகளோ கையெழுத்துப் படிகளோ இருப்பின், அவற்றை அறிஞர்களிடம் காட்டிப் படியெடுத்து வைப்பது நம் கடமை.

இளைஞர்கள் மற்றொன்றையும் மனத்திற் கொள்ளல் வேண்டும். வறுமை ஐயரவர்களைப் பொருளாசை கொண்டவராக்கவில்லை. பிரிவு அவரைச் சோர்வுறச் செய்யவில்லை. பிறர் சுட்டிக்காட்டிய அறியாமை அவரைச் சினங்கொள்ளச் செய்யவில்லை. துன்பம் வந்தபொழுதெல்லாம் அவர் கற்க வேண்டியது ஒன்று அவருக்குக் காத்திருந்தது. அதனை அவர் தேடிச் சென்று, கேட்டுப் பெற்றார். நமக்கும் அத்தகைய உள்ளம் வாய்க்குமாக.