எம்டன் வெட்டிய கேபிள்

2025 செப்டம்பர் முதல் வாரம், சனி ஞாயிறுக்கு ஊருக்கு, அதாவது தேவதானத்துக்குப் போயிருந்தேன். ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு ஒரு பெரிய ஃபைல் இறக்க வேண்டியிருந்தது. போனில் சிக்னல் கோடு முழுசா இருக்கு, ஆனா வெளிநாட்டு சர்வரிலிருந்து ஃபைல் மட்டும் வர மாட்டேங்குது. சுத்திக்கிட்டே இருக்கு. அப்புறம்தான் செய்தி பார்த்தேன். செங்கடலில் ஜெட்டா பக்கத்தில் கடலடி கேபிள்கள் அறுந்துவிட்டன.

எங்கள் கிளாஸ் குரூப்பில் பத்து நிமிஷத்தில் வழக்கு விசாரணை முடிந்து தீர்ப்பும் வந்துவிட்டது. ஒருத்தன் ஹூதி என்றான், ஒருத்தன் சீனா என்றான், இன்னொருத்தன் நீர்மூழ்கிக் கப்பல் படமே போட்டுவிட்டான். நானும் சும்மா இல்லை, ரெண்டு ஃபார்வர்ட் அனுப்பினேன். எங்கள் சத்தத்தைக் கேட்டு அப்பத்தா என்ன விஷயம் என்று கேட்டாள். கடலுக்கு அடியில் போற ஒயரை யாரோ வெட்டிவிட்டார்கள் என்றேன். எந்த எம்டன் வெட்டினானோ என்று சொல்லிவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறந்தாள்.

அப்பத்தாவுக்கு எம்டன் என்றால் பொல்லாத ஆள், அவ்வளவுதான். கறாரான கணக்கு வாத்தியார், கடன் கொடுத்தவன், எங்க தாத்தா எல்லாரும் எம்டன்தான். 2006-ல் வந்த 'எம் மகன்' படத்துக்கு முதலில் வைத்த பெயரே 'எம்டன் மகன்'. ஆனால் நிஜமான எம்டன் ஒரு கப்பல் என்பதும், அது உண்மையிலேயே கடலடி கேபிளை வெட்டியது என்பதும் அவளுக்குத் தெரியாது. எனக்கும் அன்றைக்கு ராத்திரி வரை தெரியாது. அந்தக் கப்பலின் கேப்டன் கதைதான் இது.

கார்ல் ஃபான் முல்லர் 1873 ஜூன் 16-ல் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் பிறந்தார். அப்பா ராணுவ கர்னல். மகன் 1891-ல் கடற்படையில் சேர்ந்தார். கிழக்கு ஆப்பிரிக்காவில் வேலை பார்த்தபோது மலேரியா பிடித்தது. அது சாகும்வரை விடவில்லை. அதிகம் பேசாத, கூச்ச சுபாவம் உள்ள மனிதர் என்றே அவரோடு இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். நம்ம ஊர் அர்த்தத்தில் எம்டன் என்று சொல்ல அவரிடம் ஒன்றுமே இல்லை.

1913-ல் எம்டன் கப்பலுக்கு கேப்டன் ஆனார். சீனாவில் ஜெர்மனி வைத்திருந்த சிங்தாவ் துறைமுகம்தான் அதன் இருப்பிடம். 1914 ஆகஸ்டில் போர் வெடித்ததும், ஜெர்மன் கிழக்காசியக் கப்பற்படை மொத்தமும் பசிபிக் வழியாகக் கிளம்பியது. முல்லர் மட்டும் தன் ஒரே கப்பலோடு இந்தியப் பெருங்கடலுக்குப் போக அனுமதி கேட்டு வாங்கினார். போனால் திரும்பி வர துறைமுகமே கிடையாது. நிலக்கரிகூட பிடிபடும் கப்பலில் இருந்துதான் எடுக்க வேண்டும்.

எம்டனுக்கு மூன்று புகைபோக்கி. அந்தப் பக்கம் சுற்றிய பிரிட்டிஷ் க்ரூஸர் ஒன்றுக்கு நான்கு. முல்லரின் ஆட்கள் ஒரு போலிப் புகைபோக்கியைச் செய்து, வேண்டும்போது தூக்கி நிறுத்தினார்கள். இப்படியே இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களை மடக்கினார். பிடித்த கப்பலின் ஆட்களை ஒரு கப்பலில் மொத்தமாக ஏற்றி பத்திரமாகக் கரைக்கு அனுப்பிவிட்டுத்தான் மற்றதை மூழ்கடிப்பார். எதிரி நாட்டுப் பத்திரிகைகளே அவரைப் பாராட்டின.

1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி வாக்கில் சென்னைக்கு எதிரே வந்து நின்றார். குறி, துறைமுகத்தை ஒட்டி இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். அரை மணி நேரத்துக்குள் சுமார் 130 குண்டுகள். தொட்டிகள் எரிந்தன, குறைந்தது ஐந்து பேர் செத்தார்கள். பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டார். உயர் நீதிமன்ற வளாகத்தில் ஒரு குண்டு விழுந்த இடத்தில் இன்றும் கல்வெட்டு இருக்கிறது.

குண்டு போட்டது அரை மணி நேரம். வதந்தி போட்ட குண்டுக்குக் கணக்கே இல்லை. எம்டன் திரும்ப வருது, ஜெர்மன்காரன் இறங்கப் போறான் என்று ஆயிரக்கணக்கானவர்கள் மூட்டை முடிச்சோடு சென்னையை விட்டுக் கிளம்பினார்கள். இத்தனைக்கும் 1871-லேயே சென்னையிலிருந்து பினாங்குக்குக் கடலடித் தந்தி கேபிள் போட்டாயிற்று. உலகத்தோடு ஒயர் போட்டு இணைத்திருந்த ஊர்தான் அது. வதந்திக்கு ஒயர் தேவைப்படவில்லை.

அதில் ஒரு வதந்திக்கு இன்னும் வயசாகவில்லை. செண்பகராமன் பிள்ளை எம்டனில் இருந்தார், சென்னையில் எங்கே சுட வேண்டும் என்று காட்டிக் கொடுத்ததே அவர்தான் என்பது. நானே ஸ்கூல் பேச்சுப் போட்டியில் இதைப் பேசி ஒரு சில்வர் டம்ளர் வாங்கியிருக்கிறேன். ஆனால் 1914-ல் அவர் இருந்தது ஐரோப்பாவில். முதலில் சூரிச், பிறகு அந்த அக்டோபரில் பெர்லின். கப்பலோ சீனாவிலிருந்து கிளம்பி எந்த ஜெர்மன் துறைமுகத்தையும் தொடாமல் வந்தது. அவர் எங்கே ஏறியிருக்க முடியும்? வெள்ளைக்காரனை எதிர்த்து அவர் நிஜமாகச் செய்த வேலைகளே நிறைய இருக்கும்போது, செய்யாத ஒன்றைத்தான் நாம் ஞாபகம் வைத்திருக்கிறோம். டம்ளர் இன்னும் வீட்டில் இருக்கிறது.

அக்டோபரில் முல்லர் டியகோ கார்சியா தீவுக்குப் போனார். இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அங்கே கேபிளும் இல்லை, ரேடியோவும் இல்லை. போர் தொடங்கி இரண்டு மாசம் ஆகியும் தீவில் யாருக்கும் தெரியாது. வந்திருப்பது எதிரிக் கப்பல் என்று தெரியாமலே உபசரித்தார்கள். எம்டன்காரர்களும் உண்மையைச் சொல்லாமல், தீவு மேனேஜரின் பழுதான மோட்டார் படகைச் சரிபண்ணிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

அக்டோபர் 28-ல் பினாங்கு துறைமுகத்துக்குள்ளேயே புகுந்து ஒரு ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தார். வெளியே வரும்போது ஒரு பிரெஞ்சுக் கப்பலையும். அடுத்த குறி கேபிள்.

கோகோஸ் தீவுக்கூட்டத்தில் டைரக்‌ஷன் ஐலண்ட் என்று ஒரு துளித் தீவு. ஆஸ்திரேலியாவின் பெர்த், ஜாவாவின் பட்டேவியா, ஆப்பிரிக்கா பக்கம் ரோட்ரிக்ஸ் தீவு என்று மூன்று திசையிலிருந்தும் வரும் கேபிள்கள் சந்திக்கும் ஜங்ஷன். கேபிள் வெட்டும் வேலையை முல்லர் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகஸ்ட் 5-ஆம் தேதி, போர் அறிவித்த சில மணி நேரத்திலேயே, பிரிட்டிஷ் கப்பல் ஒன்று இங்கிலீஷ் கால்வாயில் ஜெர்மனியின் ஐந்து கேபிள்களை வெட்டிவிட்டது.

நவம்பர் 9 காலையில் எம்டன் தீவுக்கு வந்தது. லெஃப்டினன்ட் ஃபான் மூக்கே தலைமையில் ஐம்பது பேர் படகில் இறங்கினார்கள். ஆனால் அதற்குள் நிலையத்துக்காரர்கள் சந்தேகப்பட்டு, அந்நியக் கப்பல் வந்திருக்கிறது என்று கேபிளிலும் ரேடியோவிலும் செய்தி தட்டிவிட்டார்கள். எம்டன் ரேடியோவைக் குழப்பப் பார்த்தது. நேரம் கடந்துவிட்டது.

நாசவேலை என்றதும் நம் மனசில் வரும் இருட்டு, முகமூடி எதுவும் அங்கே இல்லை. பட்டப்பகலில் வந்தார்கள். ரேடியோ கம்பத்தைச் சாய்க்கும்போது டென்னிஸ் கோர்ட்டில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஊழியர்கள் கேட்டதற்கு, சரி என்று அப்படியே செய்தார்களாம். கேபிள்தான் படுத்திவிட்டது. நடுவில் செம்புக் கம்பி, அதன்மேல் கட்டாபெர்ச்சா பிசின், வெளியே இரும்புக் கம்பிச் சுற்று. கடலுக்கடியிலிருந்து அதைத் தூக்கிப் படகில் போடவே மூச்சு வாங்கியது. கோடரியால் வெட்டினார்கள். வெட்டியதில் ஒன்று, ஏமாற்றுவதற்காகவே போட்டு வைத்த டம்மி கேபிள். கருவிகளை உடைத்தார்கள், ஒளித்து வைத்திருந்த ஸ்பேர் கருவியைக் கண்டுபிடிக்கவில்லை. கொஞ்ச நாளில் எல்லாம் பழையபடி ஓடியது.

முல்லருக்குத் தெரியாத ஒன்று, சுமார் ஐம்பது கடல் மைல் தூரத்தில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களை ஏற்றிய பெரிய கப்பல் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. அதன் காவலுக்கு வந்த சிட்னி என்ற க்ரூஸர் செய்தியைக் கேட்டுத் திரும்பியது. அடிவானத்தில் புகை தெரிந்தபோது, தான் வரச் சொல்லியிருந்த நிலக்கரிக் கப்பல்தான் வருகிறது என்று முல்லர் நினைத்தார். சிட்னியின் பீரங்கிகள் பெரியவை, வேகமும் கூடுதல். கரையில் இறங்கியவர்களை ஏற்றக்கூட நேரமில்லாமல் எம்டன் சண்டைக்குப் போனது. இரண்டு மணி நேரத்தில் கப்பல் கந்தல். மூழ்கி எல்லாரும் சாக வேண்டாம் என்று வடக்கு கீலிங் தீவின் பவளப்பாறையில் முல்லரே கப்பலை ஏற்றி நிறுத்தினார்.

அதோடு முடியவில்லை. சிட்னி போய்விட்டுத் திரும்பி வந்து, சரணடைகிறாயா என்று சிக்னல் காட்டியது. எம்டனில் சிக்னல் புத்தகம் அழிந்துபோயிருந்தது, கேள்வி புரியவில்லை. கம்பத்தில் ஜெர்மன் கொடி இன்னும் பறந்தது. சிட்னி மறுபடி சுட்டது. அதன் பிறகுதான் வெள்ளைக்கொடி ஏறியது. மொத்தம் 130 பேருக்கு மேல் எம்டனில் செத்தார்கள், சிட்னியில் நான்கு பேர். கரையில் மாட்டிய மூக்கேயும் ஆட்களும் ஒரு பழைய பாய்மரக் கப்பலைத் தூக்கிக்கொண்டு, அரேபியா வழியாக ஊர் போய்ச் சேர்ந்தது தனி சினிமா.

முல்லரை மால்டாவில் சிறை வைத்தார்கள். 1916-ல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். சட்டன் பானிங்டன் என்ற ஊரில் ஒரு விவசாயக் கல்லூரிக் கட்டடம்தான் கேம்ப். அடுத்த வருஷம் அங்கிருந்து சுரங்கம் தோண்டி 22 பேர் தப்பித்தார்கள், முன்னால் நின்றவர் இவர். (நாம ஹாஸ்டல் சுவர் ஏறுவதையே சாதனை என்கிறோம்.) சீக்கிரமே பிடிபட்டார். மலேரியா முற்றியதால் 1918-ல் நெதர்லாந்துக்கு அனுப்பினார்கள். அந்த அக்டோபரில் ஊர் திரும்பினார்.

நாடு உயர்ந்த விருது கொடுத்தது, பதவி உயர்வும் கொடுத்தது. உடம்பு ஒத்துழைக்காததால் 1919-ல் ஓய்வு பெற்றார். 1920-ல் கல்யாணம், இரண்டு பெண் குழந்தைகள். எம்டன் கதையைப் புத்தகமாக எழுதச் சொல்லிப் பலர் கேட்டும் எழுதவில்லை. தன்னோடு வந்தவர்கள் ரத்தம் சிந்தியதை வைத்துக் காசு பார்க்க அவருக்கு மனசு வரவில்லை என்கிறார்கள். 1923 மார்ச் 11-ல் பிரவுன்ஷ்வைக் நகரில் இறந்தார். ஐம்பது வயசுகூட ஆகவில்லை. எம்டனில் பிழைத்தவர்கள் தங்கள் குடும்பப் பெயரோடு எம்டன் என்று சேர்த்துக்கொள்ள ஜெர்மனி அனுமதி கொடுத்தது. அவர்களின் வாரிசுகள் இன்றும் அந்தப் பெயரோடு இருக்கிறார்கள்.

செங்கடல் விஷயத்தில், ஏதோ ஒரு வணிகக் கப்பலின் நங்கூரம் இழுபட்டு கேபிளை அறுத்திருக்கலாம் என்று பிறகு நிபுணர்கள் சொன்னார்கள். உலகம் முழுக்க வருஷத்துக்கு 150 முதல் 200 தடவை கேபிள் பழுதாகிறது, பெரும்பாலும் நங்கூரமும் மீன் வலையும்தான் காரணம். குரூப்பில் இதைப் போட்டேன். ஒரு தம்ஸ்அப் வந்தது. அப்பத்தாவிடம் முல்லர் கதையைச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, இவ்வளவு நல்ல மனுசன் பேரையா உங்க தாத்தாவுக்கு வச்சோம் என்று சிரித்தாள்.