கடற்பஞ்சு செடியா, விலங்கா? விடை சொன்ன டார்வினின் ஆசான்... அவர் கண்ணில் படாத கோடிக்கணக்கான குடித்தனக்காரர்கள்!

கடலுக்கு அடியில் பாறையில் ஒட்டிக்கொண்டு, அசையாமல், வாயும் கண்ணும் இல்லாமல் கிடக்கிற உயிர் கடற்பஞ்சு. 200 வருஷத்துக்கு முன்னாடி இது செடியா, விலங்கா என்பதிலேயே விஞ்ஞானிகளுக்குள் சண்டை. அதைத் தீர்த்து வைத்தவர் ராபர்ட் எட்மண்ட் கிராண்ட். ஸ்கூல் புத்தகத்தில் 'துளையுடலிகள்' என்று படிச்சிருப்பீங்களே, அந்தப் பிரிவுக்கு பொரிஃபெரா என்று பெயர் வைத்ததும் இவர்தான்.

யார் இந்த கிராண்ட்?

1793-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில், வழக்கறிஞர் வீட்டில் பிறந்தவர். 1814-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆனா அப்பா விட்டுப்போன சொத்தை எடுத்துக்கொண்டு ஐரோப்பா சுற்றக் கிளம்பிவிட்டார். உயிரினங்கள் காலப்போக்கில் மாறும் என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு அதை வெளியே சொல்வதே வம்பு.

ஊர் திரும்பியவர் ஃபோர்த் கழிமுகத்தின் கரையில் தங்கி, உயிருள்ள பஞ்சுகளைச் சேகரித்தார். ஒரு துண்டைக் கடல்நீரோடு சின்னக் கண்ணாடித் தட்டில் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். பெரிய துளையிலிருந்து தண்ணீர், துகள்களைத் தள்ளிக்கொண்டு நிற்காமல் பீறிட்டது. பொடித்துளைகள் வழியாக உள்ளே, பெரிய துளை வழியாக வெளியே. முழுக்க ஒன்வே! பஞ்சின் குஞ்சுகள் நுண்ணிய இழைகளை அசைத்து நீந்துவதையும் கவனித்தார். செடி என்று சொல்ல இனி வழியில்லை.

டார்வினோடு என்ன பிரச்சினை?

16 வயதில் எடின்பரோவுக்கு மருத்துவம் படிக்க வந்த சார்லஸ் டார்வின், கிராண்டோடு கடற்கரையில் அலைந்துதான் கடல் உயிர்களைப் பார்க்கப் பழகினார். ஃபிளஸ்ட்ரா என்ற கடல் உயிரின் முட்டை என்று நினைக்கப்பட்டவை நீந்துவதை டார்வின் கண்டார். 1827 மார்ச் 27-ல் மாணவர் சங்கத்தில் அதைச் சொன்னார். ஆனா மூன்று நாள் முன்பே, டார்வின் பெயரைச் சொல்லாமல், மூத்த விஞ்ஞானிகள் சபையில் கிராண்ட் அதை அறிவித்துவிட்டார். ஆசான் செய்யக்கூடிய காரியமா இது?

அவர் பார்க்காதது

கிராண்ட் கண்ட அந்த ஓட்டம் சாதாரணம் இல்லை. ஒரு கிலோ பஞ்சு ஒரு நாளைக்கு 24,000 லிட்டர் வரை தண்ணீரை வடிகட்டும் என்பது இன்றைய கணக்கு. அந்தத் தண்ணீரில் வரும் பாக்டீரியாதான் அதன் சாப்பாடு. ஆனா அதே உடம்புக்குள் வேறு பாக்டீரியாக்கள் சொகுசாகக் குடியிருக்கின்றன. சில வகைகளில் உடம்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இவைதான். 1970-களில் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்த பிறகுதான் இந்தக் கூட்டம் சரியாகத் தெரிந்தது.

இவை எங்கிருந்து வந்தன? பல வகைகளில் தாய்ப்பஞ்சே தன் நுண்ணுயிர்களைக் குஞ்சுக்குக் கொடுத்தனுப்புகிறது, சீர்வரிசை மாதிரி. மருந்து ஆராய்ச்சியாளர்கள் தேடும் வேதிப்பொருள்களில் பலவும் இந்தக் குடித்தனக்காரர்களின் தயாரிப்பு. தியோனெல்லா என்ற பஞ்சின் நச்சுப் பொருள்கள் பெரும்பாலும் என்டோதியோனெல்லா என்ற பாக்டீரியாவின் வேலை என்று 2014-ல் தெரியவந்தது.

கடைசிக் காலம்

1827-ல் புதிதாகத் தொடங்கப்பட்ட லண்டன் பல்கலைக்கழகத்தில் கிராண்ட் பேராசிரியர் ஆனார். பதவி பெரிசு, சம்பளமோ மாணவர்கள் கட்டும் கட்டணத்திலிருந்துதான். 1835-ல் ரிச்சர்ட் ஓவனோடு ஏற்பட்ட மோதலில் விலங்கியல் சங்கத்திலும் இடம் போனது. உயிர்கள் மாறுகின்றன என்ற பேச்சை மட்டும் விடவில்லை. கல்யாணம் செய்துகொள்ளாமல் வறுமையிலேயே வாழ்ந்தார். நண்பர்கள் பணம் திரட்டி உதவ வேண்டிய நிலை. 1861-ல் டார்வின் தன் புகழ்பெற்ற நூலின் மூன்றாம் பதிப்பில், தனக்கு முன்பே இந்தக் கருத்தைச் சொன்னவர்களில் ஒருவராக கிராண்டைக் குறிப்பிட்டார்.

1874 ஆகஸ்ட் 23-ல் இறக்கும்வரை அதே பதவியில் இருந்தார். பாடம் நடத்த அவர் சேர்க்கத் தொடங்கிய மாதிரிகள்தான் இன்று லண்டனில் உள்ள கிராண்ட் விலங்கியல் அருங்காட்சியகம். போய்ப் பார்க்கக் கட்டணம் கிடையாது.