டாக்டர் லியோ கானர்

அக்காலத்து ஆஸ்திரிய சாம்ராஜ்யத்தைச் சேர்ந்த கலீசியாவிலே, யூதக் குடும்பமொன்றில், 1894-ஆம் ஆண்டு லியோ கானர் பிறந்தார். பெர்லின் சர்வகலாசாலையில் வைத்தியம் பயின்று, 1924-ல் அமெரிக்கா சேர்ந்தார். 1930-ல் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வைத்தியசாலையில் சிறுவர் மனநோய்ப் பகுதியைத் தொடங்கினார்.

அங்கே ஆண்மக்கள் எண்மரும் பெண்மக்கள் மூவருமாகப் பதினொரு குழந்தைகளை உற்றுநோக்கி, 1943-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தூக்க வருங்கால் உடலை இசைவித்துக் கொடாமை, கேட்ட சொல்லையே திருப்பிச் சொல்லுதல், தன்னை ‘நீ’ என்றல், சிறு மாறுதலையும் பொறாமை ஆகிய குறிகளைக் கண்டு, இஃது பிறவியிலேயே அமைந்ததெனத் துணிந்தார். அவர் விவரித்த நிலையே ஆட்டிசம். அப்பிள்ளைகளுள் சிலரை உலகம் முன்னர்ச் செவிடரென்றும் அறிவிலிகளென்றும் எண்ணியிருந்தது.

ஆயினும், பெற்றோரிடம் உள்ளக் கனிவு குன்றியிருந்ததெனவும் அவர் எழுதினார். அதனைப் பற்றிக்கொண்டு பலர் தாய்மாரைப் பழித்தனர். ஈன்ற வயிறு எரிய, குற்றமற்ற அன்னையர் பல்லாண்டு அப்பழியைச் சுமந்தனர். 1969-ல் கானர் பெற்றோர் கூட்டத்தின்முன் நின்று, அவர்கள்மீது குற்றமில்லையென வெளிப்படையாகக் கூறினார். 1981-ல் காலமானார்.

நண்பர்காள்! அறிஞர் எழுதும் ஒரு வரியும் எளியோர் தோளில் சுமையாகலாம். பேசாத குழந்தையைக் காணுங்கால், தாயைப் பழியாது, அக்குழந்தையைப் பொறுமையுடன் உற்றுநோக்குவோமாக.