புதுவழி தேடிய புருனெல்

இங்கிலாந்து நாட்டில் புகைவண்டி தோன்றிய தொடக்க நாளில், அதன் பாதை எவ்வாறு அமைதல் வேண்டும், அதனை இயக்கும் ஆற்றல் யாது என்று புதுவழியில் சிந்தித்தவர் இசாம்பார்டு கிங்டம் புருனெல். அவர் 1806ஆம் ஆண்டு போர்ட்ஸ்மத் நகரில் பிறந்தார். தந்தையார் மார்க் புருனெல் பெயர்பெற்ற பொறியாளர். தேம்சு ஆற்றின் அடியில் தந்தையார் அமைத்த சுரங்கத்தில் மகனும் பணிபுரிந்தார். 1828இல் ஆற்றுநீர் சுரங்கத்துள் புகுந்தபொழுது அவர் உயிர் தப்பியது அரிதாயிற்று.

1833இல், தம் 26ஆம் வயதில், இலண்டனையும் பிரிஸ்டலையும் இணைக்கும் இருப்புப்பாதைக்குப் பொறியாளராக அவர் அமர்ந்தார். அந்நாளில் பெரும்பாலான பாதைகளில் தண்டவாளங்களின் இடைவெளி 4 அடி 8½ அங்குலம். நிலக்கரிச் சுரங்கங்களில் குதிரைகள் இழுத்த வண்டிகளிலிருந்து வந்த அளவு அது. பயணிகள் விரைவாகவும் அலுங்காமலும் செல்ல அது போதாது என்று கருதிய புருனெல், இடைவெளியை 7 அடியாக்கினார். பாதையின் பெரும்பகுதியை மேடுபள்ளமின்றி அமைத்தார். குறுக்கிட்ட பாக்சு குன்றைக் குடைந்து வழி கண்டார். 1841இல் பாதை முழுமையாகத் திறக்கப்பெற்றது.

பின்னர் நடந்த விரைவுச் சோதனைகளில் அகலப் பாதையே வென்றது. ஆயினும், அகலப் பாதை 274 மைலே இருந்தது. குறுகிய பாதையோ ஏறத்தாழ 1,900 மைல் பரவியிருந்தது. இரண்டும் சந்தித்த குளோஸ்டர் நகரில் பயணிகள் இறங்கி வேறு வண்டி ஏற வேண்டியிருந்தது. சரக்குகளையும் மாற்றி ஏற்ற நேர்ந்தது. ஆகவே, புதிய பாதைகள் பொதுவாகக் குறுகிய அளவிலேயே அமைதல் வேண்டும் என்று 1846இல் சட்டம் பிறந்தது.

புருனெலின் மற்றொரு முயற்சி இதனினும் துணிவானது. எஞ்சின் தன் பளுவையும் நிலக்கரியையும் நீரையும் தானே சுமந்து செல்வது வீண் என்பது அவர் எண்ணம். சாமுடா உடன்பிறந்தாரும் கிளெக்கும் கண்டறிந்த காற்றழுத்த முறையை அவர் டெவன் பகுதியில் மேற்கொண்டார். தண்டவாளங்களுக்கு நடுவே ஓர் இரும்புக் குழாய் கிடந்தது. வழியோரம் நிலையாக நின்ற நீராவிப் பொறிகள் குழாயினுள் இருந்த காற்றை வெளியேற்றின. குழாயினுள் இருந்த உந்துதண்டைப் பின்புறக் காற்று தள்ள, அதனோடு இணைந்த வண்டி புகையின்றி விரைந்தது. 1847இல் பயணிகள் அதில் சென்றனர்.

எனினும், குழாயின் மேற்பிளவை மூடிய தோல் வெயிலில் உலர்ந்தும் குளிரில் விறைத்தும் கெட்டது. காற்றுக் கசிந்தது, செலவு பெருகியது. மேலும் பொருள் செலவிடுதல் தகாது என்று புருனெலே நிறுவனத்தாருக்கு அறிவித்தார். தாம் போற்றிய திட்டத்தைத் தாமே கைவிடக் கூறுதல் எளிதன்று. 1848 செப்டம்பரில், ஓராண்டு நிறையுமுன்னே அம்முறை நின்றது.

1859இல், தம் 53ஆம் வயதில் புருனெல் மறைந்தார். 1892 மே திங்களில் எஞ்சிய அகலப் பாதையும் இரண்டே நாளில் குறுகிய பாதையாக்கப்பட்டது. ஆயினும், அவர் சமன் செய்த வழியிலே 1976 முதல் மணிக்கு 125 மைல் விரைவில் வண்டிகள் ஓடலாயின. வேறிடத்தில் பிறக்கும் ஆற்றலைப் பெற்று ஓடும் மின்சார இரயில், அவர் நாடிய பயனை வேறு வழியில் நிறைவேற்றியது. நல்ல எண்ணம் அதற்குரிய கருவி அமையுங்காறும் காத்திருக்க நேரலாம். அதனால் அவ்வெண்ணம் வீணாவதில்லை.